பூங்கொத்து முந்தைய நாள் வாளியிலேயே முடிவாகிவிடுகிறது

ஒரு மணப்பெண்ணின் தங்கை, அக்காவுக்காகத் தன் கையாலேயே பூங்கொத்து கட்டி எடுத்து வந்திருந்தார். காலையில் பார்த்தபோது, இத்தனை ஆண்டுகள் இதையே தொழிலாகச் செய்யும் எனக்கே நின்று பார்க்கத் தோன்றியது. மேடை அலங்காரத்தை முடித்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வந்தால், ரோஜாக்கள் கழுத்து ஒடிந்தாற்போலத் தலை கவிழ்ந்து கிடந்தன. "வாங்கும்போது நன்றாகத்தானே இருந்தது அக்கா?" என்று அந்தப் பெண் கண் கலங்கக் கேட்டார். பூவிலும் குறையில்லை, கட்டியதிலும் குறையில்லை. வாங்கி வந்த பூவுக்குத் தண்ணீர் குடிக்க நேரம் கொடுக்காமல் அப்படியே கட்டிவிட்டார்.

திருமணப் பூங்கொத்து என்றதும் எல்லோரும் என்னிடம் நிறப் பொருத்தத்தையும் ரிப்பனையும் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது, வீட்டில் சுத்தமான வாளி இருக்கிறதா என்று. கையில் பிடித்திருக்கும் அத்தனை மணி நேரமும் அந்தப் பூவுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் கிடைக்காது. முந்தைய நாள் குடித்து வைத்ததைக் கொண்டுதான் அது தாக்குப்பிடிக்க வேண்டும்.

செடியிலிருந்து வெட்டியதும், தண்டுக்குள் நீர் ஏறும் நுண்குழாய்களில் காற்று புகுந்து அடைத்துக்கொள்கிறது. அதனால் வீட்டுக்கு வந்தவுடன் அடித்தண்டில் இரண்டு மூன்று சென்டிமீட்டரைச் சாய்வாக வெட்டி, அந்த நொடியே தண்ணீரில் வையுங்கள். கத்தி கூர்மையாக இருக்கட்டும். மழுங்கிய கத்தரிக்கோல் தண்டை வெட்டுவதில்லை, நசுக்குகிறது. தண்ணீருக்குள் மூழ்கும் இலைகளை எல்லாம் உருவிவிடுங்கள். அவை அழுகினால் பாக்டீரியா பெருகி, அதே குழாய்களை மறுபடி அடைக்கும். வாளியைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்வதும் இதற்காகத்தான். ஓர் இரவு முழுக்கக் குளிர்ந்த, வெயில் படாத இடத்தில் பூ தண்ணீரில் நிற்கட்டும்.

குளிர்ந்த இடம் என்றதும் பலர் சமையலறைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பழுக்கும் ஆப்பிளும் வாழைப்பழமும் எத்திலீன் என்ற வாயுவை வெளியிடும். கார்னேஷன் போன்ற பூக்கள் அந்தக் காற்றில் இதழ் சுருங்கி வாடிவிடும். ஆர்க்கிட், ஆந்தூரியம் போன்ற வெப்பநாட்டுப் பூக்களுக்கு அந்தக் குளிரே ஆகாது.

அன்று அந்தத் தங்கை கட்டிய பூங்கொத்தை அவிழ்த்து, தண்டுகளை மறுபடி வெட்டி, பூக்களைக் காகிதத்தில் நிமிர்த்திச் சுற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் கழுத்தளவு நிறுத்தினோம். ஒரு மணி நேரத்தில் பெரும்பாலானவை தலை தூக்கின. இரண்டு எழவே இல்லை. அவற்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இலை வைத்தேன்.

எந்தப் பூ என்பதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். பூங்கொத்தைப் பிடித்த கைதான் முகத்தையும் தொடும், அருகில் வரும் குழந்தைக்குப் பூவைக் கிள்ளியும் கொடுக்கும். அரளியும் லில்லி ஆஃப் தி வேலியும் அழகானவை. இரண்டிலும் இதயத்தைப் பாதிக்கும் நஞ்சு இருக்கிறது. யூஃபோர்பியா எனப்படும் கள்ளி வகைச் செடிகளின் பால் தோலில் பட்டால் எரியும், கண்ணில் பட்டால் ஆபத்து. லில்லி வைத்தால், மொட்டு விரியத் தொடங்கும்போதே மகரந்தப் பைகளைக் கிள்ளிவிடுங்கள். மீறித் துணியில் பட்டுவிட்டால் ஈரத் துணியால் துடைக்கக் கூடாது. கறை உள்ளே இறங்கிவிடும். ஒட்டும் நாடாவை மெல்ல ஒற்றி எடுத்தால் தூள் அதோடு வந்துவிடும்.

இனிக் கட்டுவது. பன்னிரண்டு முதல் பதினைந்து ரோஜா, சில இலைக் கொத்துகள் போதும். அதற்கு மேல் கனத்தால் கை வலிக்கும். முள்ளை எல்லாம் நீக்கிவிடுங்கள். முதல் பூவை இடது கையில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நேராகப் பிடியுங்கள். அடுத்த பூவின் தலை இடப்பக்கமும் தண்டின் நுனி வலப்பக்கமும் சாயுமாறு அதன் குறுக்கே வையுங்கள். ஒவ்வொன்றையும் அதே திசையில் வைத்து, வைக்க வைக்கக் கொத்தைச் சற்றே திருப்பிக்கொண்டு வாருங்கள். எல்லாத் தண்டுகளும் ஒரே இடத்தில் குறுக்கிட்டு, கீழே விசிறிபோல விரியும். ஒரே ஒரு தண்டு எதிர்த்திசையில் போனாலும், நூலை இறுக்கும்போது அது முறியும். நான் பழகிய நாட்களில் முறித்த தண்டுகள் ஏராளம். பொறுமையாக அவிழ்த்து மறுபடி வைப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

குறுக்கிடும் இடத்தில் சணல் நூலால் கட்டி, தண்டுகளை ஒரே அளவாக வெட்டி மேசைமேல் நிறுத்திப் பாருங்கள். தானாக நின்றால் சரியாகக் கட்டியிருக்கிறீர்கள். ரிப்பனைக் குண்டூசியால் நிறுத்துவதானால், ஊசியைப் பக்கவாட்டில் குத்தாமல் தண்டின் போக்கில் மேல்நோக்கிச் செருகுங்கள். முனை வெளியே வந்து கையைக் குத்தாது. தண்டின் நுனி ரிப்பனுக்குக் கீழே தெரியட்டும். அப்போதுதான் புகைப்படங்களுக்கு இடையில் பூங்கொத்தை ஒரு கண்ணாடிக் குடுவையில் நிறுத்திவைக்க முடியும். அந்தப் பொறுப்பை முன்பே யாரிடமாவது சொல்லி வைத்துவிடுங்கள். திரும்பக் கொடுக்கும் முன் தண்டை உலர்ந்த துணியால் துடைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள், ஆடையில் ஈரம் சொட்டாது.