பழைய சவரக்கத்தியின் வயதை அறிவது எப்படி?

மடக்குச் சவரக்கத்திகளில் தயாரிக்கப்பட்ட ஆண்டு பொறிக்கப்பட்டிருப்பது அரிது. ஆகவே, கத்தியிலுள்ள ஒவ்வோர் அடையாளமும் எந்த ஆண்டுக்கு முன்னர் தோன்றியிருக்க முடியாது என்று பார்த்துத்தான் அதன் வயதைக் கணிக்க வேண்டியிருக்கிறது.

அலகுக்கும் வாலுக்கும் (கத்தியைத் திறக்க விரல் வைக்கும் பின்முனை) இடைப்பட்ட தண்டில் உள்ள முத்திரையே முதற்சான்று. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரக் கத்திகள் சிலவற்றில் மகுடத்தோடு அரசரின் பெயரெழுத்துகளும் காணப்படும், வி.ஆர். என்பது 1837 முதல் 1901 வரை நீண்ட விக்டோரியாவின் ஆட்சியைக் குறிப்பதால் அதிகம் உதவாது, ஆனால் டபிள்யூ.ஆர். என்பது நான்காம் வில்லியமின் ஏழாண்டு ஆட்சியைச் (1830–1837) சுட்டுவதால் கணிப்பவருக்கு அது நல்வாய்ப்பு. பொறித்துள்ள நாட்டின் பெயரும் முக்கியமானது. இறக்குமதிப் பொருள்களில் உற்பத்தி நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று 1890ஆம் ஆண்டின் அமெரிக்க மெக்கின்லி சுங்கச் சட்டம் விதித்ததால், ‘இங்கிலாந்து’, ‘ஜெர்மனி’ என்ற சொற்களைத் தாங்கிய கத்திகள் பெரும்பாலும் அதற்குப் பிற்பட்டவை. இதைத் தலைகீழாக்கி, நாட்டின் பெயர் இல்லாத கத்தியெல்லாம் 1890க்கு முந்தையது என்று முடிவுகட்டுவதுதான் பரவலான பிழை. அமெரிக்காவுக்கு அனுப்பப்படாத கத்திக்கு அந்தச் சட்டம் பொருந்தாது.

எஃகின் பெயரும் துணைசெய்யும். அறிவியலாளர் மைக்கேல் ஃபாரடேயும் கத்தி தயாரிப்பாளர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டும் 1820களின் தொடக்கத்தில் எஃகுடன் வெள்ளியைக் கலந்து சோதித்த பின்னரே ‘சில்வர் ஸ்டீல்’ என்ற முத்திரை பரவியது. துருப்பிடிக்காத எஃகை ஹாரி பிரேர்லி உருவாக்கியது 1913இல்.

வடிவத்தைப் பொறுத்தவரை, பதினெட்டாம் நூற்றாண்டுக் கத்திகளில் வால் மிகச் சிறியது அல்லது இல்லவே இல்லை. அலகின் குறுக்குவெட்டும் ஆப்பு போல இருக்கும். பக்கங்கள் உட்குழிந்த அலகு பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவியது. ஜெர்மனியின் சோலிங்கன் நகரம் அதில் பெயர்பெற்றது. தீட்டும் சக்கரத்தின் விட்டம் குறையக் குறையக் குழிவு ஆழமாகும், அலகும் மெலியும்.

கைப்பிடியை மட்டும் நம்பி வயது சொல்வது, என் கருத்தில், ஆபத்தானது. ஆணிகளைக் கழற்றி எந்தக் காலத்துப் பிடியையும் எந்த அலகிலும் பொருத்திவிடலாம். கொம்பு, தந்தம், ஆமையோடு ஆகியவற்றுக்குப் பதிலாக 1870களுக்குப் பின் புழக்கத்துக்கு வந்த செல்லுலாய்டு (தொடக்ககால நெகிழி) பிடிகள் சிதையும்போது அமில ஆவியை வெளிவிடுவதால், மடித்து வைத்த அலகு பிடிக்குள் மறைந்திருக்கும் பகுதியில் கடுமையாக அரிக்கப்படுகிறது. அவ்வகை அரிப்பு தென்படும் அலகில் இப்போது கொம்புப் பிடி இருந்தால், பிடி பின்னர் மாற்றப்பட்டதா என்று ஐயுற வேண்டும்.