பூஞ்சை மூளைக்காய்ச்சலாம்! இதில் காய்ச்சல் எங்கே இருக்கிறது?

தலையில் ஷண்ட், அதாவது மூளையில் தேங்கும் நீரைத் திருப்பிவிடும் குழாய், வைத்த நோயாளிகளின் வீட்டாருக்கென்று தமிழில் அச்சடித்த தகவல் தாள் ஒன்று கைக்குக் கிடைத்தது. எந்த மருத்துவமனை என்பதெல்லாம் வேண்டாம். அதில் ஒரு வரி: "மூளை வடிகால் உள்ளவர்களுக்கு அரிதாகப் பூஞ்சை மூளைக்காய்ச்சல் வரலாம், காய்ச்சல் இல்லாமலும் இருக்கலாம்." காய்ச்சல் இல்லாத காய்ச்சல்! எழுதியவர் ஒரு தடவை வாய்விட்டுப் படித்திருந்தாலே போதும், அவருக்கே சிரிப்பு வந்திருக்கும்.

மூலச்சொல் மெனிஞ்சைடிஸ். மூளையையும் தண்டுவடத்தையும் மூன்று அடுக்காகச் சுற்றியிருக்கும் சவ்வுக்குக் கிரேக்கத்தில் மெனிங்ஸ் என்று பெயர், ஐடிஸ் என்ற விகுதி அழற்சியைக் குறிக்கும். ஆக, மூளையுறை அழற்சி. சிலர் மூளைச்சவ்வு அழற்சி என்பார்கள், அதுவும் சரிதான். எனக்கு உறைதான் பிடிக்கும், பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரியும் சொல். சொற்பிறப்பு இவ்வளவுதான், இதில் சண்டை இல்லை.

சண்டை மூளைக்காய்ச்சலோடு. முதலாவதாக, அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலைத்தான் அப்படிச் சொல்கிறோம். இந்தியாவில் அது மனிதர்களிடம் முதலில் கண்டறியப்பட்டது 1955இல் நம் வேலூர்ப் பக்கம், தடுப்பூசி போடுவதும் அந்தப் பெயரில்தான். அங்கே வீங்குவது உறை அல்ல, மூளையே. அப்புறம் கேரளத்திலிருந்து அமீபா செய்தி வந்தால் அதுவும் மூளைக்காய்ச்சல், பாக்டீரியாவால் உறை அழன்றால் அதுவும் மூளைக்காய்ச்சல். கொசு கடித்து வருவதையும் குளத்தில் குளித்து வருவதையும் அறுவைச் சிகிச்சைக்குப் பின் வருவதையும் ஒரே பெயரில் அடைத்துவிட்டு, மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று மக்களையே குறை சொல்வது என்ன நியாயம்?

இரண்டாவது காரணம்தான் எனக்கு முக்கியம். ஷண்ட் வைத்தவருக்குப் பூஞ்சை தொற்றும்போது நோய் எளிதில் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. ஷண்ட் தொற்றில் பெரும்பாலானவை பாக்டீரியாவால் வருபவை, அதிலும் தோலில் வாழும் ஸ்டெஃபைலோகாக்கஸ் வகைகளே அதிகம். பூஞ்சை குறைவு, வந்தால் பெரும்பாலும் கேண்டிடா என்ற வகை. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள், நெடுநாள் ஆண்டிபயாடிக் எடுத்தவர்கள் போன்றவர்களுக்கு ஆபத்து கூடுதல். அறிகுறி என்ன? தலைவலி, வாந்தி, மந்தம், தூக்கக் கலக்கம். ஷண்ட் அடைத்துக்கொண்டாலும் இதேதான் வரும். குழாயின் கீழ்முனை பெரும்பாலும் வயிற்றுக்குள் இருப்பதால் சிலருக்கு வயிற்றுவலி மட்டும் வரும், வீட்டில் அஜீரணம் என்று நினைத்துக்கொள்வார்கள். கழுத்து விறைக்காமல் இருக்கலாம், உடம்பு சுடாமலும் இருக்கலாம். இப்படிப்பட்ட நோய்க்குக் காய்ச்சல் என்று பெயர் வைத்தால், தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு "காய்ச்சல் இல்லை, பரவாயில்லை" என்று இரண்டு நாள் காத்திருப்பது அம்மாவின் தப்பா, மொழிபெயர்த்தவரின் தப்பா?

மருத்துவமனைக்குப் போன பிறகும் எளிதில்லை. தலைத்தோலுக்கு அடியில் ஷண்ட்டோடு சேர்ந்தாற்போல ஒரு சின்னக் குமிழ் இருக்கும், அதில் மெல்லிய ஊசி போட்டுத் தண்டுவட நீரை (மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் நீர்) எடுக்கிறார்கள். முதுகில் எடுத்த நீரும் மூளையறையிலிருந்து வந்த நீரும் ஒரே முடிவைக் காட்டும் என்று சொல்ல முடியாது. எடுத்ததை வளர்சோதனைக்கு அனுப்பினால், பூஞ்சை மெதுவாக முளைக்கும், மறுநாளே "ஒன்றுமில்லை" என்று முடித்துவிடக் கூடாது. கேண்டிடா முளைத்தாலோ வேறு தலைவலி, அது உள்ளே இருந்ததா, எடுக்கும்போது தோலிலிருந்து ஒட்டிக்கொண்டதா என்று பார்க்க மறுபடி நீர் எடுக்க வேண்டியிருக்கும். கிரிப்டோகாக்கஸ் என்ற வேறொரு பூஞ்சை என்றால் இந்தியா இங்க் சாயமும் ஆன்டிஜென் சோதனையும் கைகொடுக்கும். பூஞ்சைகள் பலவற்றின் செல்சுவரில் உள்ள பீட்டா டி குளுக்கானைத் தண்டுவட நீரில் தேடும் சோதனையும் உண்டு. மெக்சிகோவின் மட்டமோரோஸில் முதுகுத்தண்டில் மயக்க ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு 2023இல் ஃபுசேரியம் என்ற பூஞ்சை தொற்றியபோது இந்தச் சோதனையைத்தான் பெரிதும் நம்பினார்கள்.

"அழற்சியிலும் அழல் இருக்கிறதே, அதுவும் சூடுதானே?" என்று ஒருவர் மடக்கினார். இருக்கிறது. ஆனால் அழற்சி என்று கேட்டதும் யாரும் நெற்றியில் கைவைத்துப் பார்ப்பதில்லை, புண் பட்ட இடம் சிவந்து வீங்குவதுதான் நினைவுக்கு வரும். காய்ச்சல் என்றால் கை தானாக நெற்றிக்குப் போகும். வித்தியாசம் அதுதான்.

சரி, வடிகாலுக்கு வருவோம், ஷண்ட்டைத்தான் அந்தத் தாள் அப்படிச் சொல்கிறது. ஷண்ட் என்பது ஆங்கிலத்தில் ஒதுங்கு, விலகு என்ற பழைய சொல். ரயில்காரர்கள் எடுத்துக்கொண்டு பெட்டியை வேறு தண்டவாளத்துக்குத் தள்ளுவதற்கு வைத்தார்கள், நமக்கும் ஷண்டிங் தெரியும். மூளையறையில் தேங்கும் நீரை உடம்புக்குள்ளேயே இன்னோர் இடத்துக்குத் திருப்பிவிடுவதுதான் இந்தக் குழாயின் வேலை. 1950களில் அமெரிக்காவில் ஜான் ஹோல்ட்டர் என்ற இயந்திரத் தொழிலாளி தன் மகனுக்காக வால்வு செய்து கொடுத்தாரே, அது எதற்கு? நீர் ஒரே திசையில், அளவோடு போவதற்கு. இதற்கு வடிகால் என்று பெயர் வைப்பதில் உள்ள சிக்கல், தொற்று வந்ததும் தெரியும். பூஞ்சை குழாயில் படலம் படலமாகப் படிந்துவிடுவதால் பெரும்பாலும் ஷண்ட்டை எடுத்துவிட்டு, நீரை வெளியே ஒரு பைக்குள் விடும் வேறொரு குழாயை வைத்து, பூஞ்சைக்கு எதிரான மருந்து கொடுப்பார்கள். உண்மையான வடிகால் அந்த இரண்டாவதுதான். அதே தாளில் இதை எப்படி எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? "வடிகாலை அகற்றி வடிகால் பொருத்தப்படும்." கையெழுத்துப் போட வேண்டிய அப்பாவுக்கு என்ன விளங்கும்?

நம்மிடம் மடை இருக்கிறது. அரசுப் பணத்தை வேறு கணக்குக்குத் திருப்பினால் மடைமாற்றிவிட்டார்கள் என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. ஷண்ட்டை மடைமாற்றி என்றும், வெளியே போவதை வெளிவடிகால் என்றும் சொன்னால் குழப்பம் தீர்ந்தது. பிடிக்காவிட்டால் ஷண்ட் என்றே எழுதுங்கள், குற்றமில்லை. தவறான தமிழுக்குச் சரியான கடன்சொல் மேல். தனித்தமிழ் நண்பர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

பூஞ்சை என்ற சொல் மட்டும் தப்பித்தது. நோஞ்சான் உடம்பைப் பூஞ்சை உடம்பு என்போம், ஊறுகாயில் பூப்பது பூசணம். 2021இல் கருப்புப் பூஞ்சை வந்ததும் இந்தச் சொல் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. இன்னும் சிலர் காளான் தொற்று என்று எழுதுகிறார்கள், படிப்பவர் கண்ணுக்குத் தெரிவது குடைக்காளான். இலங்கைப் பாடநூல்களில் பங்கசு, அங்கே அதுவே இருக்கட்டும்.

அந்த வரியை இப்படி எழுதியிருக்கலாம்: "ஷண்ட் வைத்தவர்களுக்கு அரிதாக மூளையுறையில் பூஞ்சை தொற்றலாம். காய்ச்சல் இல்லாவிட்டாலும் தலைவலி, வாந்தி, மந்தம், வயிற்றுவலி இருந்தால் உடனே வாருங்கள்." நோயின் பெயரைக்கூடச் சொல்லவில்லை பாருங்கள். கேண்டிடாவுக்கும் குளுக்கானுக்கும் தமிழ்ப்பெயர் கண்டுபிடிக்க உட்காருபவர்கள், முதலில் இந்த மாதிரி இரண்டு வரியைச் சரியாக எழுதிவிட்டுப் போகட்டும்.