கத்திப்பாராவைக் கட்ட முடியாத உலகம்

டூம் என்ற கணினித் துப்பாக்கி விளையாட்டு வெளியானது 1993 டிசம்பர் 10. அப்போது இந்த ஊருக்குப் பெயர் மெட்ராஸ். எங்கள் வீட்டில் இருந்த ஒரே திரை கறுப்பு வெள்ளை டிவி. நான் அந்த விளையாட்டை முதன்முதலாகத் தொட்டது போன நவம்பரில், மேற்கு மாம்பலத்தில். மழைக்குக் கரண்ட் போயிருந்தது. ரிச்சி தெருவில் வாங்கிய பழைய லேப்டாப்பின் பேட்டரிதான் துணை. போட்டது சாக்லேட் டூம் என்ற வடிவம். அசலின் குறைகளைக்கூடத் திருத்தாமல் அப்படியே வைத்திருப்பதுதான் அதன் பெருமை.

பக்கத்தில் அக்கா மகன். புதுப்புது துப்பாக்கி விளையாட்டுகளில் ஊறியவன். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "என்ன மாமா இது, மேல பார்க்கவே முடியலையே?" என்றான். முடியாதுதான். மவுஸை மேலே தள்ளினால் தலை நிமிராது, ஆள் முன்னால் ஓடுவான். மாடத்தில் நிற்கும் பூதத்தைச் சும்மா அதன் திசையில் பார்த்துச் சுட்டாலே போதும், குண்டு தானாக மேலேறிப் போய்ப் படுகிறது. கதவுகள் ஒன்றுகூடப் பக்கவாட்டில் திறப்பதில்லை. எல்லாமே ரிச்சி தெருக் கடை ஷட்டர் மாதிரி மேலே போகின்றன. ஒரு அறைக்கு மேல் இன்னொரு அறை எங்கேயும் இல்லை. மேடையிலிருந்து கீழே குதிக்கப் போனால், கண்ணுக்குத் தெரியாத சுவர் ஒன்று தடுக்கிறது. எட்டிப் பார்த்தால் நேர் கீழே ஒரு பூதம் நின்றுகொண்டிருக்கிறது.

அந்தக் காலத்தில் விளையாடியவர்களுக்கு இதெல்லாம் உறுத்தியிருக்காது. முப்பது வருடம் தாமதமாக வருகிறவனுக்குத்தான் இந்தத் தையல்கள் கண்ணில் படுகின்றன. ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரே காரணம்: எங்கேயோ ஒரு கணக்கை மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

எவ்வளவு இறுக்கமான பட்ஜெட் என்று முதலில் பார்த்துவிடலாம். டூமின் திரை 320க்கு 200 புள்ளிகள். கீழே உடல்நிலை, குண்டு எண்ணிக்கை காட்டும் 32 வரிசைப் பட்டையைக் கழித்தால் காட்சிக்கு மிஞ்சுவது 53,760 புள்ளிகள். நொடிக்கு அதிகபட்சம் 35 படங்கள். ஆக நொடிக்குச் சுமார் 19 லட்சம் புள்ளிகளுக்கு நிறம் கண்டுபிடிக்க வேண்டும். அன்றைக்குப் பணக்காரக் கணினி என்றால் உள்ளே 66 மெகாஹெர்ட்ஸ் 486 ப்ராசஸர். நொடிக்கு 6 கோடியே 60 லட்சம் துடிப்புகள். வகுத்துப் பாருங்கள், ஒரு புள்ளிக்கு 35 துடிப்புதான் கிடைக்கும். அந்த ப்ராசஸரில் ஒரு கூட்டலுக்கு ஒரு துடிப்பு போதும், ஆனால் ஒரு வகுத்தலுக்கு ஏறத்தாழ 40 ஆகும்.

இங்கேதான் சிக்கல். தூரத்தில் இருப்பது சிறிதாகத் தெரிய வேண்டுமென்றால் தூரத்தால் வகுத்தே ஆக வேண்டும். புள்ளிக்கு ஒரு வகுத்தல் போட்டால் அதிலேயே பட்ஜெட் காலி. அதற்கு முந்தைய தலைமுறை 386 வைத்திருந்தவர் கதையைக் கேட்கவே வேண்டாம்.

நீளமான காம்பவுண்டு சுவர் ஒன்றில் வரிசையாக சினிமா போஸ்டர் ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவரின் ஓரமாக நின்று நேராகப் பார்க்கிறீர்கள். பக்கத்துப் போஸ்டர் பெரிதாகவும் கடைசிப் போஸ்டர் குச்சி போலவும் தெரியும். ஆனால் அந்தக் காட்சியில் செங்குத்தாக ஒரே ஒரு மெல்லிய கீற்றை மட்டும் எடுத்துக்கொண்டால், அதில் சுவரின் உச்சியும் அடியும் உங்கள் பார்வைக்கு முன்னால் ஒரே ஆழத்தில் இருக்கின்றன. ஆகவே கீற்றுக்கு ஒரு முறை தூரக் கணக்கைப் போட்டால் போதும். அதன்பின் மேலிருந்து கீழாக ஒவ்வொரு புள்ளிக்கும் வெறும் கூட்டல். தரை இதற்கு நேர் எதிர். மொசைக் தரையைப் பார்த்தால், படுக்கைவாட்டில் ஒரு வரிசை முழுக்க ஒரே ஆழம். அங்கே வரிசைக்கு ஒரு கணக்கு. சுவரைக் கீற்றாகவும் தரையைக் கோடாகவும் போட்டுத்தான் டூம் ஓடுகிறது. அந்தக் கூட்டல்கூடத் தசமப் புள்ளியை ஓரிடத்தில் நிறுத்திவைத்த முழு எண் கணக்கு. விலை குறைந்த 486களில் தசமக் கணக்குக்கான தனிப் பகுதியே கிடையாது.

இப்போது தலையைக் கொஞ்சம் நிமிர்த்துங்கள். சுவரின் உச்சியும் அடியும் உங்கள் பார்வைக் கோட்டில் வேறு வேறு ஆழத்துக்குப் போய்விடும். கீற்று என்ற சலுகை அந்த நொடியே செத்தது. அதனால்தான் டூம் வீரனுக்குக் கழுத்து வளையாது.

இது புள்ளிகளின் கதை. எந்தச் சுவரை முதலில் வரைவது என்பதுதான் எனக்கு இன்னும் சுவையான பகுதி. டூமை உருவாக்கிய இட் சாஃப்ட்வேர் நிறுவனம் 1992-ல் கொண்டுவந்த வுல்ஃபென்ஸ்டைன் 3டியில் உலகமே கட்டம் போட்ட நோட்டு: 64க்கு 64 கட்டங்கள், எல்லாச் சுவரும் ஒரே உயரம், எல்லா மூலையும் செங்கோணம். டூமில் சுவர்கள் எந்தக் கோணத்திலும் ஓடலாம், தரை ஏறி இறங்கலாம். அங்கே எது எதை மறைக்கிறது என்று ஒவ்வொரு படத்துக்கும் தேடிக்கொண்டிருந்தால் கணினி மூச்சு வாங்கும்.

டூமின் முக்கிய நிரலாளர் ஜான் கார்மாக் இதற்கு எடுத்த வழி 1980-ல் ஃபூக்ஸ், கெடெம், நேய்லர் என்ற மூவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலிருந்து வருவது. பெயர் பைனரி ஸ்பேஸ் பார்ட்டிஷனிங். பெயர்தான் மிரட்டும், விஷயம் ஆட்டோக்காரர் கேட்கும் கேள்விதான். "மவுண்ட் ரோட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? கூவத்துக்கு?" மவுண்ட் ரோடு வளைவே இல்லாமல் முடிவில்லாமல் போகும் ஒரு நேர்க்கோடு என்று வைத்துக்கொள்வோம். நான் திருவல்லிக்கேணியில் நிற்கிறேன். என் பார்வை அந்தக் கோட்டை ஒருமுறை தாண்டி நுங்கம்பாக்கம் பக்கம் போய்விட்டால் திரும்பி வராது. ஆகவே என் பக்கத்துக் கட்டடம் அந்தப் பக்கத்துக் கட்டடத்தை மறைக்கலாம், அந்தப் பக்கத்துக் கட்டடம் என் பக்கத்தில் இருப்பதை ஒருநாளும் மறைக்க முடியாது. ஒரே கேள்வியில் பாதி ஊருக்கு வரிசை கிடைத்துவிட்டது. பிறகு என் பக்கத்தையே கூவத்தால் இரண்டாக்கு, அதை இன்னொரு தெருவால் இரண்டாக்கு. குறுக்கே வரும் சுவரை வெட்டி இரண்டு துண்டாக்கிவிடு.

இந்தப் பிளக்கும் வேலை நேரம் பிடிக்கும். ஆனால் அதை விளையாடும்போது செய்வதில்லை. வரைபடத்தை உருவாக்கும்போதே செய்து, முடிவைக் கோப்பில் எழுதி வைத்துவிடுகிறார்கள். உங்கள் கணினி ஒவ்வொரு கோட்டிலும் "நான் எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டுக்கொண்டு, அருகிலிருந்து தூரத்துக்குச் சுவர்களை வரைந்துகொண்டே போகிறது. திரையின் 320 கீற்றுகளும் நிரம்பிவிட்டால் கடையைக் கட்டிவிடும். சுவருக்குப் பின்னால் என்ன இருந்தாலும் கவலையில்லை. வுல்ஃபென்ஸ்டைனை சூப்பர் நின்டெண்டோ என்ற டிவி விளையாட்டுக் கருவிக்கு மாற்றும் வேலையில்தான் கார்மாக் இதை முதலில் போட்டுப் பார்த்தார். அந்த இயந்திரத்தின் பொடி ப்ராசஸருக்குப் பழைய முறை தாங்கவில்லை.

முன்கூட்டியே பிளந்து எழுதிவைத்ததற்கு ஒரு விலை உண்டு. விளையாட்டின் நடுவில் எந்தச் சுவரும் இடம் மாறக் கூடாது, மாறினால் வரிசை குலைந்துவிடும். உயரம் மட்டும் அந்தக் கணக்கில் இல்லை, அதை இஷ்டத்துக்கு மாற்றலாம். கதவுகள் ஏன் ஷட்டராயின என்பதற்குப் பதில் இதுதான். அது கதவே இல்லை, கூரை இறங்கியிருக்கும் ஒரு குட்டி அறை.

ஆக டூமின் உலகம் தரையில் வரைந்த வரைபடம். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தரை உயரம், ஒரு கூரை உயரம், அவ்வளவுதான். சாலைக்கு மேல் சாலை போகாது. கத்திப்பாரா மேம்பாலத்தை அதில் கட்டவே முடியாது. முட்டல் மோதலிலும் அதே தட்டை வரைபடம்தான். அதில் பூதம் ஒரு சதுரம். மேடைக்குக் கீழே நின்றாலும் சதுரம் சதுரம்தானே, அதனால்தான் என்னைத் தடுத்தது. கீழே நிற்கும் பூதம் மேடையில் நிற்பவனைக் கடிக்கவும் செய்யும். கடிக்கு உயரம் பார்ப்பதில்லை. அன்று ராத்திரி நான் இரண்டு தடவை செத்தது இப்படித்தான்.

வெளிச்சமும் இதே சிக்கனம். 256 நிறங்களுக்கு 32 மங்கல் அளவுகளை முன்பே அட்டவணை போட்டுவிட்டார்கள். தூரம் கூடக் கூட அடுத்த வரியைப் பார்த்து நிறத்தை மாற்றுவதுதான் அந்தப் பயங்கர இருட்டு. கிழக்கு மேற்காக ஓடும் சுவர்கள் கொஞ்சம் கறுப்பு, வடக்கு தெற்காக ஓடுபவை கொஞ்சம் வெளுப்பு. மூலை தனித்துத் தெரியத்தான். குண்டு எவ்வளவு காயம் செய்யும் என்பது போன்ற அதிர்ஷ்டம்கூட 256 எண்கள் கொண்ட மாறாத பட்டியலிலிருந்துதான் வருகிறது.

சத்தம் மட்டும் என்னை அசத்தியது. நான் சுட்டதும் சத்தம் பகுதி பகுதியாகப் பரவுகிறது, ஒரு வீட்டுச் சமையலறையில் அடித்த குக்கர் விசில் திறந்த கதவுகள் வழியாக அறை அறையாகப் போகிற மாதிரி. மூடிய கதவு நிறுத்திவிடும். வரைபடம் போடுபவர் சில கோடுகளைச் சத்தத் தடையாகக் குறிக்கலாம். ஒரு தடையைத் தாண்டும், இரண்டாவதில் நின்றுவிடும். எங்கோ தூரத்தில் நான் பார்த்தே இராத ஒரு பூதம் உறுமுகிறது என்றால், அந்த விசில் அதன் காதுக்குப் போய்விட்டது என்று அர்த்தம்.

1997 டிசம்பரில் டூமின் மூல நிரலைப் பொதுவில் விட்டுவிட்டார்கள். வரைபடம் போடும் கருவிகளும் இலவசம். மறுநாள் அக்கா மகன் எங்கள் அடுக்குமாடி வீட்டை அதில் வரைய உட்கார்ந்தான். ஒரு மணி நேரத்தில் தரைத்தளம் வந்துவிட்டது, எல்லாக் கதவும் ஷட்டராக. படிக்கட்டும் வந்தது. முதல் மாடிக்குப் போனதும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "மாமா, மேல் வீட்டு மாமிக்கு இடமே இல்லை."