‘யு3’ என்ற வாலைப் பாருங்கள்

“சர்வரில் ஓபன்எஸ்எஸ்ஹெச் பழைய வெர்ஷன், உடனே மாற்றுங்கள்” என்று பாதுகாப்பு ஸ்கேன் ரிப்போர்ட்டோடு யாராவது வந்தால், நான் முதலில் பார்ப்பது வெர்ஷன் எண்ணின் வாலைத்தான். (ஓபன்எஸ்எஸ்ஹெச் என்பது தூரத்திலிருந்து சர்வருக்குள் பாதுகாப்பாக லாகின் செய்ய உதவும் மென்பொருள்.) டெபியன் 12 லினக்ஸில் அது 9.2பி1-2+டெப்12யு3 என்பதுபோல இருக்கும். 2024 ஜூலையில் பெரிதாகப் பேசப்பட்ட ‘ரெக்ரெஷன்’ என்ற பாதுகாப்பு ஓட்டையை ஓபன்எஸ்எஸ்ஹெச் குழு 9.8-ல் அடைத்தது. டெபியன்காரர்கள் 9.2-ஐ அப்படியே வைத்துக்கொண்டு அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மட்டும் அதில் சேர்த்தார்கள். அதைச் சொல்வதுதான் அந்த ‘யு3’. ஸ்கேனருக்கு வால் தெரியாது, 9.2 மட்டும்தான் தெரியும்.

டெபியன் அதிகாரப்பூர்வமாக வெளியிடும் வெர்ஷனை ‘ஸ்டேபிள்’ என்பார்கள். ஸ்டேபிள் என்றால் கிராஷ் ஆகாது என்று பலர் நினைக்கிறார்கள். மாறாது என்பதுதான் அதற்கு அர்த்தம். இன்று ஓடும் கான்ஃபிக் ஃபைல் அடுத்த வருடம் அப்டேட் போட்ட பிறகும் ஓட வேண்டும். மெதுவாகப் போவதில் இன்னொரு லாபமும் உண்டு. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற ஃபைல் சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 வெர்ஷன்களில் ஒளித்துவைத்த பின்வாசல் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டபோது, அது டெபியனின் சோதனைப் பதிப்பான டெஸ்டிங் வரை வந்திருந்தது. ஸ்டேபிளுக்குள் நுழையவே இல்லை.

சரி, எந்த லினக்ஸைப் போடுவது? பெயரைப் பார்க்குமுன், பாதுகாப்பு அப்டேட் தரும் ஆதரவு எந்தத் தேதி வரை என்று பாருங்கள். உபுண்டு எல்டிஎஸ்ஸுக்கு (நீண்டகால ஆதரவுள்ள வெர்ஷன்) 5 வருடம். நடுவில் வரும் வெர்ஷன்களுக்கு 9 மாதம்தான், சர்வர் பக்கமே கொண்டுபோகாதீர்கள். டெபியனுக்கு எல்டிஎஸ்ஸும் சேர்த்து 5 வருடம். ஆல்மா, ராக்கி இரண்டும் 10 வருடம். ஃபெடோரா ஏறக்குறைய 13 மாதம். உபுண்டுவில் ஒரு பொடி எழுத்து விஷயமும் இருக்கிறது: அந்த 5 வருட உத்தரவாதம் ‘மெயின்’ ரெப்போவுக்குத்தான் (ரெப்போ என்பது பேக்கேஜ்கள் இருக்கும் கிடங்கு). நீங்கள் நம்பியிருக்கும் பேக்கேஜ் ‘யூனிவர்ஸ்’ என்ற இன்னொரு ரெப்போவில் இருக்கிறதா என்று ‘ஆப்ட் பாலிசி’ கட்டளை போட்டு ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தேதியும் மாறலாம். சென்ட்ஓஎஸ் 8 என்ற லினக்ஸுக்கு 2029 வரை ஆதரவு என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். 2021 டிசம்பரோடு முடிகிறது என்று 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. அதற்கு மாற்றாக ஆல்மாவும் ராக்கியும் பிறந்ததே அதனால்தான்.

டெஸ்க்டாப்பில் இவ்வளவு கறார் தேவையில்லை. புத்தம்புது லேப்டாப் என்றால் பழைய கெர்னலுக்கு (லினக்ஸின் மையப் பகுதி) வைஃபை சிப்பே தெரியாமல் போகலாம். அங்கே ஃபெடோரா நல்ல தேர்வு. மற்றபடி லினக்ஸ் மின்ட் போதும். பிரவுசர், ஆஃபீஸ் மட்டும் புதிதாக வேண்டுமா, ஆப்களைத் தனியாக நிறுவும் ஃபிளாட்பேக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்காக அடித்தளத்தைக் கலைக்க வேண்டாம். டெபியன் ஸ்டேபிளில் டெஸ்டிங் ரெப்போவைச் சேர்ப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயம்தான்.

அப்புறம் ஒரு சின்னப் பழக்கம். சர்வர் நிறுவிய அன்றே, லாகின் செய்ததும் திரையில் தெரியும் எம்ஓடிடி ஃபைலில் ஆதரவு முடியும் தேதியை எழுதிவிடுவேன். எனக்குப் பிறகு அந்தச் சர்வரைப் பார்க்க வருபவர் யாரையும் கேட்க வேண்டியிருக்காது.