அயர்லாந்தின் தண்ணீர்க் கட்டணம்: அரசுக்குக் கட்டுப்படி ஆனதா?

அயர்லாந்தில் வீடுகளுக்குக் குடிநீர்க் கட்டணம் இன்று கிடையாது. செலவு வரிப்பணத்தில் ஓடுகிறது. கடைகளும் தொழிற்சாலைகளும் மட்டும் கட்டணம் கட்டுகின்றன. 2015-இல் வீடுகளிடமும் வசூலிக்கத் தொடங்கினார்கள், 2016 நடுவில் நிறுத்தினார்கள், 2017-இல் சட்டம் போட்டு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். திரும்பப் போனது சுமார் 17 கோடி யூரோ.

நிதி நெருக்கடியில் சிக்கிய அரசு 2010-இல் ஐரோப்பிய ஒன்றியத்திடமும் பன்னாட்டு நாணய நிதியத்திடமும் வாங்கிய மீட்புக் கடனின் நிபந்தனைகளில் தண்ணீர்க் கட்டணமும் ஒன்று. அதற்காக 2013-இல் ஐரிஷ் வாட்டர் என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. அது தன் பெயரிலேயே கடன் வாங்கிக் குழாய்களைப் புதுப்பிக்கும், அந்தக் கடன் அரசின் பற்றாக்குறையில் சேராது என்பதே கணக்கு. ஐரோப்பியப் புள்ளிவிவர விதிப்படி அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: நிறுவனத்தின் விற்பனை வருமானம் உற்பத்திச் செலவில் பாதிக்காவது ஈடாக வேண்டும்.

அங்கேதான் கணக்கு உடைந்தது. தெருப் போராட்டங்களுக்குப் பிறகு, 2014 நவம்பரில் அரசு உச்சவரம்பு வைத்தது: ஒரே ஒரு பெரியவர் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 160 யூரோ, மற்ற வீடுகளுக்கு 260. குடிநீருக்கும் கழிவுநீருக்கும் சேர்த்து 1,000 லிட்டருக்கு 3.70 யூரோ. பெரியவர்கள் மட்டும் உள்ள வீடு ஏறக்குறைய 70,000 லிட்டரிலேயே 260-ஐத் தொட்டுவிடும். சராசரி வீடு செலவழிப்பதோ 1,25,000 லிட்டர். 260-ஐத் தொட்டபின் எவ்வளவு திறந்துவிட்டாலும் பில் ஏறாது. இப்படிப் பில் போட, சுமார் 50 கோடி யூரோ செலவில் மீட்டர்கள் பொருத்தியிருந்தார்கள்!

இதோடு, பதிவு செய்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஆண்டுக்கு 100 யூரோ மானியம். 160 கட்டிய வீட்டிலிருந்து அரசுக்கு நின்றது 60. அதிலிருந்துதான் பில் அனுப்பும் செலவும் பாக்கி வசூலிக்கும் செலவும். பதிவு செய்திருந்தாலே மானியம் என்பதால், பில்லைக் கட்டாத வீட்டுக்கும் 100 யூரோ போனது. 2015 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகமான யூரோஸ்டாட், ஐரிஷ் வாட்டரை அரசின் பகுதியாகவே வகைப்படுத்தியது. கடன் மறுபடி அரசு ஏட்டுக்கே வந்தது. உச்சவரம்பையும் மானியத்தையும் ஒன்றாக வைத்துக்கொண்டு இது லாபம் தரும் என்று எதிர்பார்த்ததே தவறு.

மீட்டர் வேறு வகையில் பயன்பட்டது. கசிவைக் காட்டிக்கொடுத்தது. மணிக்கு 6 லிட்டர் என்றால் சின்னச் சொட்டுதான், ஆனால் இடைவிடாமல் ஒழுகினால் ஆண்டுக்கு 52,000 லிட்டருக்குமேல். சோதிப்பது எளிது: இரவில் எல்லாக் குழாய்களையும் மூடி, கழிவறைத் தொட்டி நிரம்பியதும் மீட்டரைப் படித்துக்கொள்ளுங்கள். காலையில் யாரும் தண்ணீர் திறக்குமுன் மறுபடி படியுங்கள். எண் நகர்ந்திருந்தால் கசிவு இருக்கிறது. வீட்டு எல்லையிலிருந்து சுவர்வரை மண்ணுக்குள் போகும் குழாயில் கசிந்தால் முதல் பழுது இலவசம். சுவருக்கு உள்ளே என்றால் வீட்டுக்காரர் செலவு.

2017 சட்டம் அளவுக்கு மீறிய பயன்பாட்டுக்கு மட்டும் கட்டணம் விதிக்க இடம் வைத்திருக்கிறது. அந்த அளவு, நான்கு பேர்வரை உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 2,13,000 லிட்டர், நான்கு பேருக்குமேல் இருக்கும் ஒவ்வொருவருக்கும் 25,000 லிட்டர் கூடுதல். இந்தக் கூடுதலைக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். நோயால் அதிகத் தண்ணீர் தேவைப்படும் வீட்டுக்கு விலக்கு உண்டு, அதற்கும் விண்ணப்பம் வேண்டும்.