லிங்கர்: இணைப்பியா, தொடுப்பியா?

திரையில் ‘இணைப்புப் பிழை’ என்று வந்தால் கொழும்பில் எவரும் எழும்பிப் போய் முதலில் ரவுட்டரைத்தான் பார்ப்பார்கள். மின் இணைப்பு, நீர் இணைப்பு, சுற்றறிக்கையின் வாலில் ‘இணைப்பு 1’ என்று அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேலை அதிகம். தனித்தனியாகத் தொகுத்த நிரல் கோப்புகளையும் நூலகங்களையும் ஒரே நிரலாகச் சேர்க்கிற லிங்கரையும் அதன் தலையில் கட்டி ‘இணைப்பி’ ஆக்கிவிட்டார்கள்.

லிங்க் என்பது ஸ்கண்டிநேவிய வேர்ச்சொல். சங்கிலிக் கண்ணி என்று பொருள். அவ்வளவுதான்.

இணை என்றால் சோடி. அதில் எது முன், எது பின் என்ற பேச்சே இல்லை. லிங்கருக்கோ வரிசைதான் உயிர். உபுண்டு லினக்ஸில் ‘ஜிசிசி -எல்எம் மெயின்.ஓ’ (தொகுப்பி, கணித நூலகம், உங்கள் கோப்பு என்ற வரிசை) என்று கொடுத்துப் பாருங்கள்: வர்க்கமூலம் காணும் எஸ்கியூஆர்ரி என்ற பெயருக்கு ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’ விழும். -எல்எம்மைக் கடைசிக்குத் தள்ளினால் சரியாகிவிடும். லிங்கர் இடமிருந்து வலமாகத்தான் போகும். கணித நூலகத்துக்கு வந்த நேரத்தில் எந்தக் கோப்பும் அந்த நூலகத்திடம் எதையும் கேட்டிருக்கவில்லை, விட்டுவிட்டுப் போய்விட்டது. செட்டியார் தெருவில் பூத் தொடுப்பவர் கையைத் தாண்டிய பூவுக்குத் திரும்பிப் போவாரா? யாப்பில் மோனையும் எதுகையும் ‘தொடை’ ஆனதும் இந்த வினையால்தான். ஆகவே தொடுப்பி.

‘தொடுப்பு’ என்றால் கள்ள உறவு அல்லவா என்று சிரிப்பவர்கள் உண்டு. ‘தொடர்பு’க்கும் அதே வம்பு இருக்கிறது, அதற்காக அதைக் கைவிட்டோமா?

இதைவிடக் கொடுமை, அந்தப் பிழைச்செய்தியை ‘வரையறுக்கப்படாத குறிப்பு’ என்று பெயர்ப்பது. குறிப்பென்றால் வாசித்துவிட்டுக் கடந்துவிடலாம். இங்கே ஒரு பெயரைச் சுட்டியாயிற்று, அதற்குரிய உடல்தான் எங்கும் இல்லை. ‘உடலற்ற சுட்டு’ என்றால் எங்கே தேடுவது என்றாவது விளங்கும். கோப்பில் உள்ள பெயர்களைப் பட்டியலிடும் என்எம் கட்டளையை ஓடவிட்டால் பெயருக்கு முன்னால் யூ நிற்பது தேடுகிற கோப்பு, ரி நிற்பது வைத்திருக்கிற கோப்பு. இரண்டும் இருந்தும் பிழை போகாவிட்டால் வரிசையைப் பாருங்கள். சி++ கோப்பு சி நூலகத்தை அழைத்தால் பெயரை சி முறைப்படியே தேடச் சொல்லும் எக்ஸ்டேர்ன் ‘சி’ விடுபட்டதா என்றும் பாருங்கள்.

‘கனொட் ஃபைன்ட் -எல்எஸ்எஸ்எல்’ வேறு சங்கதி. அங்கே பூக்கூடையே வரவில்லை, அதாவது எஸ்எஸ்எல் நூலகக் கோப்பே கிடைக்கவில்லை; லிப்எஸ்எஸ்எல்-டெவ் பொதியை நிறுவ வேண்டும். மொழிபெயர்ப்பாளருக்கு இரண்டுமே ‘இணைப்புத் தோல்வி’. தொடுத்து முடிந்த பிறகு, நிரலை ஓட்டும்போது நூலகம் காணவில்லை என்று வருவதையும் அதே கணக்கில் எழுதுகிறார்கள். அது தொடுப்பியின் பிழையே அல்ல, நிரலை ஓட்டும்போது நூலகங்களை நினைவகத்துக்குக் கொண்டுவரும் ஏற்றியின் (லோடர்) பிழை. நிரலுக்குத் தேவையான நூலகங்களைக் காட்டும் எல்டிடி கட்டளையில் ‘நொட் ஃபவுண்ட்’ என்று நிற்கிற வரியைத் தேடுங்கள்.