கிரேட்வெஸ்டர்ன் ஏன் பக்கத்துப் பெட்டியை நெரிக்கிறது?

ஹட்டன், கிரேட்வெஸ்டர்ன், எல்ல. மலையகப் பாதையின் இந்த மூன்று புகையிரத நிலையங்களையும் ஒரு வலைப்பக்கத்தில், பெட்டிகளை வரிசைப்படுத்தும் சிஎஸ்எஸ் முறையான ஃப்ளெக்ஸ்பாக்ஸில், ஒரே வரிசையில் மூன்று பெட்டிகளாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ‘ஃப்ளெக்ஸ்: 1’ கொடுக்கிறோம். இடைவெளி விடாத 360 பிக்சல் வரிசையில் ஆளுக்கு 120 வரவேண்டும். ஒரு கருவியில் அப்படியே வருகிறது. இன்னொன்றில் நடுப்பெட்டி வீங்கி நிற்கிறது. பழி உடனே உலாவி மேல் விழும். பெரும்பாலும் குற்றம் அதனுடையது அல்ல.

‘ஃப்ளெக்ஸ்: 1’ பெட்டியின் தொடக்க அகலத்தைப் பூச்சியமாக்கி, கிடைக்கும் இடத்தைச் சமமாகப் பங்கிடச் சொல்கிறது. ஆனால் நாம் எழுதாத விதி ஒன்று உண்டு: ‘மின்-விட்த்’ (min-width, குறைந்தபட்ச அகலம்) இயல்பாகவே ‘ஆட்டோ’. அதனால் தன்னுள் இருக்கும் உடையாத மிக நீண்ட சொல்லைவிடப் பெட்டி ஒடுங்காது. ‘கிரேட்வெஸ்டர்ன்’ ஓர் எழுத்துருவில் 115 பிக்சல் பிடித்தால் எல்லாம் 120தான். வேறொன்றில் 150 பிடித்தால் நடுப்பெட்டி அங்கேயே உறைந்துவிடும். மீதி 210ஐ மற்ற இரண்டும் 105, 105 ஆகப் பிரித்துக்கொள்ளும். கணக்கு ஒன்றுதான், எழுத்துதான் வேறு. விண்டோஸில் நிர்மலா யூஐ, ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழ், ஐபோனில் தமிழ் சங்கம் எம்என் என்று தமிழுக்கு ஆளுக்கோர் எழுத்துரு. ஆங்கிலத்தில் மட்டும் சோதிப்பவர் கண்ணில் இது படாது.

உலாவியின் டெவலப்பர் கருவிகளைத் திறந்தால், குரோமில் ‘கம்ப்யூட்டட்’ பகுதியின் அடியிலும் ஃபயர்பாக்ஸில் ‘ஃபொண்ட்ஸ்’ பகுதியிலும் உண்மையில் எந்த எழுத்துரு வரையப்பட்டது என்று தெரியும். முதலில் அதைப் பாருங்கள்.

தீர்வு ‘மின்-விட்த்: 0’. பெட்டிக்குள் பெட்டி இருந்தால் சங்கிலியில் உள்ள ஒவ்வொன்றுக்கும் கொடுக்கவேண்டும். ஒன்றை விட்டால் பலனில்லை. கொடுத்த பிறகு சொல் வெளியே வழியும். ‘ஓவர்ஃப்ளோ-ராப்: எனிவேர்’ (overflow-wrap: anywhere) அதை உடைத்து மடக்கும். இதற்கு ஃபயர்பாக்ஸ் 65, குரோம் 80, சஃபாரி 15.4 அல்லது பிந்தியவை தேவை. ‘எனிவேர்’க்குப் பதில் ‘பிரேக்-வேர்ட்’ என்று எழுதினால் சொல் மடங்கும், ஆனால் குறைந்தபட்ச அகலக் கணக்கு மாறாது; ‘மின்-விட்த்: 0’ இல்லாவிட்டால் பெட்டி அப்படியேதான் நிற்கும். நடுச்சொல்லில் முறிவது அசிங்கம்தான். ‘கிரேட்’டுக்குப் பின் ஓர் இடைவெளி விட்டாலே வேலை முடிந்துவிடும்.

தேடல் பெட்டி தனி ரகம். அதை உருவாக்கும் ‘இன்புட்’ உறுப்புக்கு 20 எழுத்து அளவில் பிறவி அகலம் உண்டு, அது பிக்சலில் எவ்வளவு என்பதில் உலாவிகள் உண்மையிலேயே வேறுபடும். அங்கும் ‘மின்-விட்த்: 0’.

இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 11 இந்த ‘ஆட்டோ’ விதியையே அறியாது. பழைய பக்கங்கள் அதில் மட்டும் ஒழுங்காகத் தெரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.